குருதியில் ஒரு தேடல்

நுழையும்முன்

சில நோய்கள் உடலை வருத்துகின்றன. சில நோய்கள் ஒரு குடும்பத்தின் வரலாற்றையே மாற்றிவிடுகின்றன. உடன்பிறந்தோர் இருவரை ஒரே நோய்க்குப் பறிகொடுத்த இளைஞர் ஒருவர், அந்நோயின் வேரைத் தேடிக் கடல் கடந்தார். அத்தேடல் அவரைக் குருதியின் நுட்பங்களுக்கு இட்டுச் சென்றது. முடிவில், இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது. உலகம் பயன்பெற்றது, ஆனால் உலகில் பலர் அவர் பெயரை அறியவில்லை. அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கோதாவரி வடிநிலத்துச் சிறுவன்

அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், கோதாவரி ஆற்று வடிநிலத்தில் அமைந்த ஊர் பீமவரம். அவ்வூரில் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவர். தந்தையின் உடல்நலம் குன்றியதால் வருவாய் குறைந்து, குடும்பம் வறுமையில் வாடியது.

சுப்பாராவுக்கு இளமையில் படிப்பில் நாட்டம் இருக்கவில்லை. பெரும்பொருள் ஈட்ட வேண்டும் என்னும் ஆசை மட்டும் மிகுந்திருந்தது. காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றால் விரைவில் செல்வராகிவிடலாம் எனக் கணக்கிட்டு, உறவினப் பையன் ஒருவனுடன் வீட்டைவிட்டுக் கிளம்பினார். தாய் அவரைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். கல்வி ஒன்றே தம் மக்களைக் கரையேற்றும் என்பதில் அந்தத் தாய் உறுதியாக இருந்தார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் சுப்பாராவ் ஒரு முறை தோற்றார், மறுமுறையும் தோற்றார். கணவரை இழந்து, கடனும் சுமையுமாக வாழ்ந்த நிலையிலும் வெங்கம்மா மனம் தளரவில்லை. தம் நகைகளை விற்று, மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற சுப்பாராவ், மூன்றாம் முயற்சியில் தேர்ச்சி பெற்றார். பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் நூறு முறை தோற்றாலும் நூற்றோராம் முறை முயலும் இயல்பு அவருக்கு வாய்த்தது. அதன் முதற்பாடம் அவருக்குத் திருவல்லிக்கேணியிலேயே கிடைத்துவிட்டது.

துறவா, மருத்துவமா?

சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் பயின்ற காலத்தில் அவர் உள்ளம் ஆன்மிகத்தின்பால் திரும்பியது. இராமகிருஷ்ண மடத்துத் தொடர்பு ஏற்பட்டது. துறவு பூண விரும்பினார். தாய் இசையவில்லை. தாயின் இசைவின்றித் துறவு ஏற்பது முறையன்று என்று மடத்தாரும் அறிவுறுத்தினர். மக்களுக்குத் தொண்டு செய்யும் வேட்கை உண்மையானதாயின் மருத்துவம் பயிலலாம் என்று வழியும் காட்டினர். பொருள் தேடிக் காசிக்குப் புறப்பட்ட சிறுவன், பொருள் துறக்க விழையும் இளைஞனாகி, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழியில் சென்னை மருத்துவக் கல்லூரியை அடைந்தான்.

1919ஆம் ஆண்டு சேஷகிரி என்பாரை அவர் மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி மருமகனின் மருத்துவக் கல்விக்கு உதவினார்.

அது விடுதலை வேட்கை நாடெங்கும் பரவியிருந்த காலம். அயல்நாட்டுத் துணியைத் துறக்கும்படி காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்று, சுப்பாராவ் அறுவை மருத்துவ வகுப்புக்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது சினத்தை மூட்டியது. அதன் விளைவு இறுதித் தேர்வில் தெரிந்தது. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் குறைந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. மாகாண மருத்துவப் பணியில் சேரும் வாய்ப்பும் அதனால் நழுவியது. கதர் அங்கிக்காக அவர் கொடுத்த விலை அது.

இரு மரணங்களும் ஒரு வினாவும்

அவ்வாண்டுகளில்தான் அக்குடும்பத்தின்மீது பேரிடி விழுந்தது. அண்ணன் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் கொண்டது ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டல நோய். இந்நோய் கண்டவரின் குடல், உண்ட உணவின் சத்தை ஏற்காது. ஓயாத வயிற்றுப்போக்கால் உடல் மெலியும், நாக்குப் புண்ணாகும், குருதி நாளுக்குநாள் வெளிறும். இந்நோய் ஏன் வருகிறது என்பது அன்றைய மருத்துவருக்குத் தெரியாது. என்ன கொடுத்தால் தீரும் என்பதும் தெரியாது.

சுப்பாராவையும் அதே நோய் பற்றியது. புகழ்பெற்ற ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அளித்த மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார். பிறகு, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராகப் பணியேற்றார். தம்மைக் காத்த மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன, தம் உடன்பிறந்தோர் உடலில் எந்தப் பொருள் இல்லாமற்போயிற்று என்னும் வினாக்கள் அவரை விடவில்லை. விடை தேடுவதற்கேற்ற ஆய்வுக்கூடம் அன்று அவருக்கு அருகில் இல்லை. ஆகவே, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர முடிவு செய்தார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் பொருளுதவி செய்தனர்.

சில ஆண்டுகளில் திரும்பிவிடும் எண்ணத்துடன் இளம் மனைவியிடம் விடைபெற்ற சுப்பாராவ், 1922ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் பாஸ்டன் நகரை அடைந்தார். அவர் சென்றபின் பிறந்த ஆண்குழந்தை ஓராண்டு நிறையும் முன்னரே நோயால் இறந்தது. தந்தை அக்குழந்தையின் முகத்தைக் காணவே இல்லை.

இரவில் ஊழியர், பகலில் ஆய்வாளர்

அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்ற அவருக்கு உரிமை இல்லை. கையில் பணமும் இல்லை. பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் இரவுநேர ஊழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் கழிகலங்களைச் சுத்தம் செய்வது அவருக்கு வாய்த்த வேலைகளுள் ஒன்று. இரவெல்லாம் அவ்வேலை செய்து, பகலில் படித்து, வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்றார். பின்னர், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

உடலிலுள்ள பாஸ்பரசை அளப்பது அக்காலத்தில் கடினமாக இருந்தது. ஒரு துளிக் குருதியிலோ சிறுநீரிலோ உள்ள மிகச் சிறிய அளவைத் துல்லியமாகக் காண எளிய முறை வேண்டியிருந்தது. வேதிப்பொருள்கள் சிலவற்றைச் சேர்த்தால் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பரசும் அவ்வளவு. இந்த அடிப்படையில் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் வகுத்த முறை 1925இல் வெளியானது. ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று அது அவ்விருவர் பெயராலேயே வழங்கலாயிற்று. உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதனைப் பயின்றுள்ளனர்.

அளக்கும் கருவி கைக்கு வந்ததும், அதுவரை கண்ணுக்குத் தப்பிய பொருள்கள் புலப்படத் தொடங்கின. தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் இருப்பதை 1927இல் இருவரும் அறிவித்தனர். தசை சுருங்கும்போது அது சிதைகிறது. ஓய்வில் மீண்டும் உருவாகிறது. அடுத்து, 1929இல் அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்னும் ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்தெடுத்ததை வெளியிட்டனர். அதே காலத்தில் செர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் அதனைத் தனியே கண்டறிந்தார். உயிரினங்களின் அணுக்களில் ஆற்றலைச் சுமந்து செல்லும் நாணயமாக இன்று உயிரியல் பாடநூல்கள் விளக்கும் பொருள் இதுவே. 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

இத்தனை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி கிடைக்கவில்லை. பதினேழு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு உழைத்த அவர், 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்குப் பெயர்ந்தார். விரைவிலேயே அதன் ஆய்வுப்பிரிவுக்கு இயக்குநரானார்.

கல்லீரலில் ஒளிந்த பொருள்

ஹார்வர்டு நாள்களிலேயே சுப்பாராவின் உள்ளத்தை ஈர்த்த வேறொரு புதிர் இருந்தது. கொடிய வகை இரத்தசோகை ஒன்று அன்று பலரைக் கொன்றுவந்தது. நாள்தோறும் மிகுதியாகக் கல்லீரலை உண்ணச் செய்தால் அந்நோய் தீர்வதை 1926இல் ஜார்ஜ் மினாட், வில்லியம் மர்ஃபி ஆகிய பாஸ்டன் மருத்துவர்கள் காட்டினர். கல்லீரலுக்குள் இருந்து குருதியைச் செழிக்கச் செய்யும் அந்தப் பொருள் எது? அதனைத் தனியே பிரித்துவிட்டால், தம் உடன்பிறந்தோரைக் கொண்ட நோய்க்கும் விடை கிடைக்கக்கூடும் அல்லவா?

இதே வினாவின் மற்றொரு முனையை இந்தியாவிலேயே ஒருவர் தொட்டிருந்தார். லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களிடம் காணப்பட்ட இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்பட்ட சாறு அதனைத் தீர்ப்பதை 1931இல் அவர் வெளியிட்டார். ஈஸ்ட்டிலும் கல்லீரலிலும் பசுங்கீரையிலும் இருந்த அந்தச் சத்துக்கு 1941இல் ஃபோலிக் அமிலம் என்று பெயர் அமைந்தது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

பெயர் கிடைத்தாலும் பொருள் எளிதில் கைக்கு வரவில்லை. மிகுதியான கல்லீரலை அரைத்து, கரைத்து, வடித்து, மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினாலும் இறுதியில் கிடைப்பது சிறு துகளே. ஒவ்வொரு படியிலும், கிடைத்த சாற்றில் சத்து இருக்கிறதா என்பதை அறிய அச்சத்து இன்றி வளராத நுண்ணுயிர் ஒன்றைப் பயன்படுத்தினர். நுண்ணுயிர் வளர்ந்தால் சத்து இருக்கிறது; வளராவிட்டால் வழி தவறிவிட்டது. வேதியியலார், நுண்ணுயிரியலார், மருத்துவர் எனப் பல துறையினரை ஒரே குறிக்கோளுக்காக இணைத்து நடத்தினார் சுப்பாராவ். முடிவில் அப்பொருளின் கட்டமைப்பை அறிந்து, அதனை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக ஆக்கினர். 1945இல் அச்செய்தி வெளியானது. அக்கட்டுரையில் தலைவரான சுப்பாராவின் பெயர் பல ஆய்வாளர்களின் பெயர்களுக்கிடையே ஒன்றாக மட்டுமே நின்றது.

கரீபியத் தீவுப் பகுதிகளில் ஸ்ப்ரூ நோயால் வாடியோருக்கு இப்புதிய மருந்து கொடுக்கப்பட்டபோது அவர்கள் விரைந்து தேறினர். நாக்குப் புண் ஆறியது, பசி எடுத்தது, குருதி சிவந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் தம் வீட்டில் இரு உயிர்களைக் காத்திருக்கக்கூடிய மருந்தைச் சுப்பாராவ் கண்டுவிட்டார். உடன்பிறந்தோருக்கு அது எட்டவில்லை. ஊர் பேர் அறியாத பலருக்கு எட்டியது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற மாத்திரையில் இரும்புச்சத்துடன் ஃபோலிக் அமிலமும் உள்ளது. கருவுற்ற பெண்களுக்கும் இவ்விரண்டும் சேர்ந்த மாத்திரை தரப்படுகிறது. கருவில் வளரும் குழந்தையின் மூளை, தண்டுவடம் ஆகியவை குறையின்றி உருவாக ஃபோலிக் அமிலம் துணைசெய்கிறது.

எரிகிற நெருப்பில் எண்ணெய்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூற்றியல் வல்லுநராக இருந்தவர் சிட்னி ஃபார்பர். இறந்த குழந்தைகளின் உடலை ஆராய்ந்து நோயின் காரணத்தை எழுதிவைப்பது அவர் பணி. அக்குழந்தைகளுள் பலர் கடுமையான இரத்தப் புற்றுநோயால் இறந்தவர்கள்.

எலும்பு மஜ்ஜையில் நாள்தோறும் புதிய குருதியணுக்கள் பிறக்கின்றன. அவை முதிர்ந்தபின் குருதியோட்டத்தில் கலந்து தத்தம் பணியைச் செய்கின்றன. இரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் முதிராமலேயே கட்டின்றிப் பெருகுகின்றன. அவை மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் சிவப்பணுக்கள் பிறக்க இடமில்லை. குழந்தை வெளிறிச் சோர்கிறது. குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைவதால் ஈறிலும் மூக்கிலும் குருதி கசிகிறது. நல்ல வெள்ளணுக்கள் இல்லாமையால் சிறு தொற்றும் பெருந்தீங்காகிறது. 1940களில் இந்நோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறப்பது உறுதி. குருதி ஏற்றுவதும் வலியைத் தணிப்பதும் தவிர மருத்துவர் செய்யக்கூடியது ஏதுமில்லை.

இரத்தசோகையில் மஜ்ஜையைச் சீர்செய்த ஃபோலிக் அமிலம் இந்நோயிலும் உதவக்கூடும் என்று ஃபார்பர் எண்ணினார். எலிகளில் தோன்றிய கட்டிகளை இவ்வகைப் பொருள் கட்டுப்படுத்தியதாக வந்த ஆய்வுச் செய்திகளும் அவ்வெண்ணத்துக்கு வலுவூட்டின. சுப்பாராவின் ஆய்வுக்கூடம் ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த சேர்மங்களை ஆக்கி அவருக்கு அனுப்பியது. அவை குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டன.

விளைவு அஞ்சத்தக்கதாக இருந்தது. நோய் தணியவில்லை, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாற்போல விரைந்து பரவியது. புற்றணுக்கள் முன்னினும் பெருகின. உயிர் காக்கும் என்று நம்பிய மருந்தே நோய்க்கு உணவாயிற்று.

வேறொருவராயின் அம்முயற்சியை அத்துடன் கைவிட்டிருக்கலாம். ஃபார்பரும் சுப்பாராவும் அத்தோல்வியின் பொருளை ஆழ்ந்து நோக்கினர். ஃபோலிக் அமிலத்தைத் தந்தால் புற்றணுக்கள் செழிக்கின்றன என்றால், அந்த அணுக்கள் அதனை நம்பியே வாழ்கின்றன என்பது தெளிவாகிறது. எனவே அவ்வுணவை அவற்றுக்குக் கிடைக்காமற் செய்துவிட்டால்?

பொய்ச்சாவி

உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைப் படியெடுத்தாக வேண்டும். அதற்குரிய மூலப்பொருள்களை ஆக்க ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அணுவிலுள்ள நொதி ஒன்று பூட்டைப் போன்றது. ஃபோலிக் அமிலம் அதற்குப் பொருந்தும் சாவி. உண்மைச் சாவியைப் போலவே தோன்றி, பூட்டுக்குள் நுழைந்து, திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் பொய்ச்சாவி ஒன்று இருந்தால் உண்மைச் சாவி நுழைய இடமிராது. பிரிதல் நின்றுவிடும். விரைந்து பிரியும் அணுக்களே முதலில் பட்டினியாகும்; புற்றணு அத்தகையது.

சுப்பாராவின் வேதியியலார் ஃபோலிக் அமிலத்தை ஆக்க வழி தேடியபோதே, அதன் கட்டமைப்பில் சிறு மாற்றங்கள் செய்து பல சேர்மங்களை உருவாக்கியிருந்தனர். ஃபோலிக் அமிலம் போலத் தோன்றி அதன் வேலையைத் தடுப்பவை அவற்றுள் சில. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஃபார்பர் சோதித்தார். முதலில் வந்தவற்றின் பயன் சிறிதாக இருந்தது. பின்னர் அமினோப்டெரின் வந்தது. ஃபோலிக் அமில மூலக்கூற்றின் ஓரிடத்தில் ஓர் அமினோ தொகுதியை மாற்றி அமைத்ததே அதன் வேறுபாடு.

1947ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் அமினோப்டெரின் முதன்முதலாக ஒரு குழந்தைக்குச் செலுத்தப்பட்டது. ஏறிக்கொண்டே இருந்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கியது. படுக்கையில் கிடந்த குழந்தை எழுந்து நடந்தது. அதுகாறும் இந்நோயில் எந்த மருத்துவரும் கண்டிராத மாற்றம் அது.

மருத்துவ உலகம் இதனை உடனே வரவேற்கவில்லை. சாகும் நிலையிலுள்ள குழந்தைகளுக்கு நச்சுத்தன்மை கொண்ட மருந்தைக் கொடுத்து மேலும் துன்புறுத்தலாமா என்று பலர் கேட்டனர். அவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று, மருந்தால் குழந்தைகளின் வாயில் புண் தோன்றியது, நல்ல அணுக்களும் பாதிக்கப்பட்டன. அளவை மிகக் கவனமாக வரையறுக்க வேண்டியிருந்தது. ஆயினும் மருந்து இல்லாத நிலையில் நோயின் முடிவு இறப்பு என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர்.

1948ஆம் ஆண்டு சூன் மாதம் ஃபார்பரும் அவர்தம் குழுவினரும் முடிவுகளை மருத்துவ இதழில் வெளியிட்டனர். மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தணிந்திருந்தது. தணிவு நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் திரும்பியது. கட்டுரையும் அதனை மறைக்காமல், தற்காலிகத் தணிவு என்றே குறித்தது. ஆயினும் வேதிப்பொருள் ஒன்றால் குழந்தைகளின் கடுமையான இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்று முதன்முதலாக நிலைநாட்டப்பட்டது. அக்குழந்தைகளுக்குக் கிடைத்த சில மாதங்கள், பின்வந்த குழந்தைகளுக்கு முழு வாழ்வாக விரிந்தன.

ஒரே தலைமையில் பல மருந்துகள்

சுப்பாராவின் ஆய்வுக்கூடம் இதே ஆண்டுகளில் வேறு பல நோய்களையும் எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற வீரர்கள் பலரை யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்கள் தாக்கின. அதற்கான தேடலில் 1947இல் ஹெட்ராசான் கிடைத்தது. டி.இ.சி. என்னும் சுருக்கப் பெயரால் இன்று இந்தியக் கிராமங்களில் வீடுவீடாக வழங்கப்படும் யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை இதுவே.

பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் பேராசிரியரைச் சுப்பாராவ் தம் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். எழுபது வயதை எட்டியிருந்த அவர், பல இடங்களிலிருந்து வந்த மண் மாதிரிகளில் நுண்ணுயிர்களைத் தேடினார். மிசௌரி பல்கலைக்கழக நிலத்து மண்ணிலிருந்து பொன்மஞ்சள் நிறமுடைய நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அதிலிருந்து ஆரியோமைசின் பிறந்தது. டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர் எதிர்ப்பிகளுள் முதலாவது அது. 1948ஆம் ஆண்டு சூலை மாதம் நியூயார்க்கில் அதன் பயன் மருத்துவர்கள் முன் அறிவிக்கப்பட்டது. அவ்வாறு அறிவிக்கும் மேடைகளில் சுப்பாராவ் முன்வரிசையில் நிற்பதில்லை. கண்டறிந்தவரையே பேசச் செய்வார்.

ஒரு வேட்கை மட்டும் அவருக்கு நிறைவேறவில்லை. கொடிய இரத்தசோகையைத் தீர்க்கும் கல்லீரல் பொருளை அவர் நெடுங்காலம் தேடினார். ஃபோலிக் அமிலம் அதன் முழு விடையாக அமையவில்லை. உண்மைப் பொருளாகிய வைட்டமின் பி12ஐ 1948இல் வேறு ஆய்வுக்கூடங்கள் பிரித்தெடுத்தன. இருபதாண்டுத் தேடலின் பரிசு பிறர் கைக்குச் சென்றது. அத்தேடலின் வழியில் கிடைத்தவையோ இலட்சக்கணக்கானோரைக் காத்தன.

திரும்பாத பயணம்

1946இல் இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடமளித்தது. சுப்பாராவ் அதனைப் பெறவில்லை. அவரோ இந்தியாவுக்குத் திரும்பவும் இல்லை. ஓர் ஆய்வு முடிந்தால் மற்றோர் ஆய்வு அவரை இறுத்திவைத்தது. சேஷகிரி அம்மையார் கணவரின் வருகைக்காகக் கால் நூற்றாண்டு காத்திருந்தார். அறிவியல் வெற்றிகளைக் கணக்கிடும்போது அந்தக் காத்திருப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஓர் இரவில் உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. கதர் அங்கி அணிந்ததற்காகப் பட்டம் இழந்த அம்மாணவர், விடுதலை பெற்ற நாட்டைக் காணாமலேயே சென்றார்.

பெயரினும் பெரிது பணி

அமினோப்டெரினைவிடப் பாதுகாப்பான மெத்தோட்ரெக்சேட்டும் சுப்பாராவின் குழுவினர் ஆக்கியதே. 1956இல் நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் புற்றுநோய் ஒன்றை இம்மருந்தால் முற்றிலும் குணப்படுத்த முடியும் என அமெரிக்க மருத்துவர்கள் காட்டினர். பின்னர் பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வளர்ந்தது. ஒரு மருந்துக்குத் தப்பும் புற்றணு மற்றொன்றில் வீழ்ந்தது. நல்ல மருத்துவ வசதி கிடைக்கும் இடங்களில் இன்று குழந்தைகளைத் தாக்கும் முதன்மையான இரத்தப் புற்றுநோய் வகையில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது குழந்தைகள் குணமடைகின்றனர். அச்சிகிச்சையில் மெத்தோட்ரெக்சேட் இன்றும் இடம்பெறுகிறது. முடக்குவாதம் உள்ளிட்ட வேறு நோய்களுக்கும் அது பயன்படுகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் அது உள்ளது.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. வாழ்நாளில் பெரும்புகழும் வாய்க்கவில்லை. பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் பிறந்த நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. எனினும் அவர் நினைவு உண்மையில் வாழுமிடம் மருத்துவமனைகள். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து நலம்பெற்று, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் குழந்தைக்கு அவர் பெயர் தெரியாது. மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கும் பள்ளி மாணவிக்கும் தெரியாது. தம் பெயரைப் பின்னே நிறுத்திப் பணியை முன்னே நிறுத்திய அவருக்கு அது குறையாகத் தோன்றியிராது.

இருமுறை தேர்வில் தோற்ற மாணவர். உடன்பிறந்தோரைக் காக்க இயலாத மருத்துவர். நோயை வளர்த்த மருந்திலிருந்து நோயை வெல்லும் வழியைக் கண்ட ஆய்வாளர். ஒவ்வொரு தோல்வியையும் ஒரு வினாவாக மாற்றிக்கொண்டதே சுப்பாராவின் வாழ்க்கை. அவ்வினாக்களின் விடைகளால் இன்றும் உலகெங்கும் உயிர்கள் காக்கப்படுகின்றன.

கற்பவை கற்றபின்

1. ஃபோலிக் அமிலம் நோயை வளர்த்த நிகழ்வு, புதிய மருந்துக்கு எவ்வாறு வழிவகுத்தது என்பதை உம் சொற்களில் வகுப்பறையில் விளக்குக.

2. நலம்பெற வாய்ப்பில்லாத நோயாளிக்குச் சோதனை நிலையிலுள்ள மருந்தைக் கொடுக்கலாமா? இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

3. உலகம் அறியாத இந்திய அறிவியலாளர் ஒருவரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஒருபக்க அளவில் எழுதுக.